ஊதா

இரவு ஒரு மணி இருக்கும். உம்மாவின் இருமல்
மதிலைத் தாண்டி மீராள் மாமி வீட்டுக் கோழியையும் எழுப்பிவிட்டது.
போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு தட்டினேன்:
பீடி, நுரையீரல், மேலப்பாளையம்.
அரை நொடிகூட ஆகவில்லை.
முதல் வரியிலேயே எங்கள் ஊர்,
ஆங்கிலத்தில், தடித்த எழுத்தில்.

மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் பெண்கள்
இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் மூச்சை அளந்ததில்
நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு

அப்புறம் மூன்று புள்ளி.

அந்த இருநூற்றுப் பன்னிரண்டை எனக்குத் தெரியும்.
எட்டாம் வகுப்பில் இருந்தேன். பெஞ்சுகளை ஓரம் கட்டிவிட்டு
வெள்ளை வேனில் வந்தவர்கள் ஒரு குழாயை நீட்டினார்கள்.
ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும்.
மீராள் மாமிக்குச் சிரிப்பு வந்து மூன்று தடவையும் பாழ்.
உம்மா முக்காட்டைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு
முதல் தடவையிலேயே ஊதினாள், கண் பிதுங்க.
ஒரு தாளில் கைநாட்டு. ஒரு ரொட்டிப் பொட்டலம்.
எண் நூற்று நாற்பத்தேழு.
முடிவு வந்ததும் சொல்வோம் என்றார்கள்.
அந்த ரொட்டியில் பாதியை நான்தான் தின்றேன்.

வந்திருக்கிறது முடிவு.
தொட்டேன். பக்கம் திறந்தது,
திறந்த வேகத்தில் ஒரு பூட்டுப் படம்.
முப்பத்தொன்பது டாலர், தொண்ணூற்றைந்து சென்ட்.
கட்டினால் நாற்பத்தெட்டு மணி நேரம் பார்க்கலாமாம்.
அதற்குப் பிறகு மறந்துவிட வேண்டுமோ என்னவோ.

போனிலேயே கணக்குப் போட்டேன்.
ஆயிரம் சுற்றினால் கடையில் தருவது,
கழித்துத் தள்ளுவது போக, நூல் காசு போக.
பதினாலாயிரம் பீடி வந்தது.
தன் நெஞ்சில் என்ன இருக்கிறதென்று தெரிந்துகொள்ள
இன்னும் பதினெட்டு நாள்
அதே சுளகின் மேல் குனிந்து
அதே தூளை அவள் முகர வேண்டும்.

கீழே இன்னொரு வாசல் இருந்தது:
உங்கள் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கவும்.
விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன்.
கண்டம் கண்டமாகக் கல்லூரிகள்.
பீடிக்கடை இல்லை.
நான் கணக்கெழுதும் டயர் கடையும் இல்லை.

பூட்டியவன்மேல்கூட அவ்வளவு கோபமில்லை,
காட்டியவன்மேல்தான்.
ஒன்றும் இல்லை என்று சொல்லியிருந்தால் தூங்கியிருப்பேன்.
ஹைகிரவுண்டில் டாக்டர் கேட்டார்,
முன்னே ஏதாவது டெஸ்ட் எடுத்திருக்கா?
இல்லை என்றுதான் சொன்னோம் இரண்டு பேரும்.
இனி என்ன சொல்ல,
எடுத்திருக்கு சார், பூட்டியிருக்கு என்றா?

பக்கத்தின் அடியில் பூட்டுக்கு வெளியே ஒரே ஒரு வரி:
இந்த ஆய்வில் பங்கேற்ற பெண்களுக்கு நன்றி.
அதற்குக் காசில்லை.

"என்னளா, தூங்கலையா?"
"உம்மா, அன்னைக்குப் பள்ளிக்கூடத்துல ஊதுனேல்லா, அது வந்திருக்கு."
"என்ன போட்டிருக்கு?"
"நன்றின்னு போட்டிருக்கு."
கொஞ்ச நேரம் யோசித்தாள்.
"அதுக்குத்தான் அந்தப் புள்ள அன்னைக்கே ரொட்டி குடுத்துட்டாளே"
என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

காலையில் எழுதியவரின் முகவரிக்கு ஒரு மெயில் போட்டேன்:
நான் நூற்று நாற்பத்தேழின் மகள்.
டீ ஆறுவதற்குள் திரும்பி வந்தது.
அப்படி ஒருவர் அந்த முகவரியில் இல்லை.

இரவு மறுபடி தட்டினேன்.
அதே இடம். அதே மூன்று புள்ளி.
நேற்று நீலமாக இருந்த தலைப்பு மட்டும்
ஊதாவாக மாறியிருந்தது.
போய் வந்த பக்கங்களுக்கு அந்த நிறமாம்.

அதன் கணக்கில்
நான் உள்ளே போய் வந்தவள்.